வள்ளத்துக்குப் பூசிய எண்ணெய்

மகனுக்கு,

நீ கொச்சிக்குப் புறப்பட்ட காலையில், செருப்பின் வாரை மாட்டிக்கொண்டே கேட்டுவிட்டுப் போன கேள்விக்கு அப்போதே ஒரு சொல்லில் பதில் சொல்லியிருக்கலாம். அதற்குப் பின் நான்கு முறை தொலைபேசியில் அழைத்தாய். நான்கு முறையும் நான் தண்ணீர்க் குழாயைப் பற்றியும் பக்கத்து வீட்டு நாயைப் பற்றியும் பேசிவிட்டு வைத்துவிட்டேன். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, நினைவு தப்புகிறது என்று எண்ணியிருப்பாய். எழுபத்திரண்டு வயதிலும் தனிமங்களின் அட்டவணையைப் பின்னாலிருந்து ஒப்பிப்பேன். நினைவுக்கு ஒரு குறையும் இல்லை. உனக்குத் தரவேண்டிய பதிலுக்கு முன்னால் சொல்லவேண்டிய வேறொன்று இருந்தது. அதை இருபது ஆண்டுகளாக நான் யாரிடமும் சொல்லவில்லை. தொலைபேசியில் சொல்லிவிட்டுக் காய்கறி நறுக்கப் போகக்கூடிய விஷயமும் அல்ல அது. ஆகவே எழுதுகிறேன். இதை நீ மட்டும் அறியப் போவதில்லை. ஏன் என்பது முடிவில் விளங்கும். அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. பாடப் புத்தகத்தையும் நீ அப்படித்தான் படித்தாய்.

நீ கேட்டது இதுதான். வளைகுடாவில் ஒன்பது ஆண்டுகள் எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, எண்ணெயின் காலம் முடிந்தது என்று எனக்கு அறிவித்துவிட்டு ஊர் திரும்பினாய். மின்கலத்தில் ஓடும் வள்ள மோட்டார்களைக் கொண்டுவந்து நம் கடற்கரையில் விற்பது உன் திட்டம். மண்ணெண்ணெயும் டீசலும் விற்கிற விலையில் பன்னிரண்டு வள்ளக்காரர்கள் ஆசைப்படுகிறார்கள். கையெழுத்துப் போடத்தான் தயங்குகிறார்கள். ஊர்க் கமிட்டித் தலைவர் உன்னிடம் சொன்னதை நீயே எனக்கு நடித்துக் காட்டினாய்: “லேய் மக்கா, நீ கொண்டு வாற மோட்டர எங்களுக்கு அறியாது. ஒனக்க அம்மைய அறியலாம். ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சி டீச்சர் மைக்குல ஒரு வார்த்த சொல்லட்டும். பொறவு பாப்போம்.” நடித்து முடித்துவிட்டு, “அம்மா, ஒரே ஒரு வார்த்த. நல்லதுன்னு சொன்னா போரும்” என்றாய். ஒரே ஒரு வார்த்தை கேட்பவர்களிடம் நான் எப்போதும் விலகியே நிற்பவள். அவர்களுக்குத் தேவைப்படுவது வார்த்தை அல்ல. அதைச் சொல்கிற வாய்.

நீ விட்டுச் சென்ற வழவழப்பான தாளை மூன்று முறை படித்தேன். அதில் ஒரு வள்ளம், குளத்தைப் போல அடங்கிக் கிடக்கும் தண்ணீரில் போகிறது. இரண்டு பேர் சட்டை கசங்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். வலை இல்லை, ஐஸ் பெட்டி இல்லை, மீன் ஒன்றுகூட இல்லை. ஒரு முறை மின்னேற்றினால் நாள் முழுவதும் கவலையில்லை என்று அடியில் எழுதியிருக்கிறது. மேல்மாடிச் சாப்பாட்டு மேசையில் நாம் பேசியது உனக்கு நினைவிருக்கும். “இது எந்த ஊருக் கடலு மக்கா?” என்று கேட்டேன். “மாதிரிக்கு எடுத்த படமும்மா” என்றாய். “ஆனி மாசக் கடலு மாதிரிக்கு அம்புடாதா?” என்றேன். உனக்குக் கோபம் வந்துவிட்டது. “நீங்க எல்லாத்துலயும் குத்தம் கண்டுபிடிப்பிய.” “அதுக்குத்தான முப்பது வருசம் சம்பளம் தந்தாவ” என்றேன். நீ சிரித்துவிட்டாய், கேள்வி மட்டும் மேசையிலேயே கிடந்தது. மழைக்காற்று வீசினால் நம் ஊரில் முதலில் போவது மின்சாரம். அந்த நாளில் மின்கலத்துக்கு உயிர் எங்கிருந்து வரும் என்று கேட்டேன். செத்த மின்கலத்தை எங்கே புதைப்பார்கள் என்றும் கேட்டேன். கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ளும் என்றாய். கம்பெனியின் முகவரியைத் தாளில் தேடினேன். ஒரு மின்னஞ்சல் இருந்தது.

இதனால் என்னை எண்ணெய்க்குப் பரிந்து பேசுகிறவள் என்று நினைத்துவிடாதே. எங்கோ இரண்டு நாடுகள் அடித்துக்கொண்டால் இங்கே ஒரு வள்ளம் கரையேறிக் கிடப்பதை நான் சிறுவயதிலிருந்து பார்க்கிறேன். மண்ணெண்ணெய்க்கு அட்டையும் கேனும் பிடித்து வரிசையில் நின்றிருக்கிறேன். நாம் உட்கார்ந்து பேசிய அந்த மேல்மாடியே நீ அனுப்பிய எண்ணெய்ப் பணத்தில் எழும்பியது. அதில் உட்கார்ந்து எண்ணெயைத் திட்டுவது எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். எண்ணெய் ஒன்றையே நம்பி இருக்கக்கூடாது என்பதை நீ பிறப்பதற்கு முன்பே வகுப்பறையில் சொன்னவள் நான். ஆனால் மாற்று என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். தோவாளையில் என்னோடு படித்த ஒருத்தியின் வீட்டுக்காரர், ஜீப்பில் வந்தவர்கள் சொன்னதைக் கேட்டுப் பிச்சிக் கொடியைப் பிடுங்கிவிட்டுக் காட்டாமணக்கு நட்டார். அதன் விதையிலிருந்து டீசல் வரும், விதையைத் தாங்களே வாங்கிக்கொள்வோம் என்றார்கள். விதை வந்தது, ஜீப் வரவில்லை. ஆடுகூட அந்தச் செடியில் வாய் வைக்கவில்லை. இன்றைக்கும் அந்த வழியே பஸ்ஸில் போனால் காற்றாலைகளை எண்ணுவேன்: எத்தனை சுற்றுகின்றன, நல்ல காற்றிலும் எத்தனை சும்மா நிற்கின்றன. ஏன் நிற்கின்றன என்று ஐந்து பேரைக் கேட்டிருக்கிறேன். ஐந்து பதில் கிடைத்திருக்கிறது. இவர்களையெல்லாம் நான் சந்தேகப்பட்டதில் தவறொன்றும் இல்லை. சந்தேகப்படாமல் விட்டது ஒரே ஒரு ஆளை. அவள் பெயரும் என் பெயரும் ஒன்று.

நீ ஒன்பதாம் வகுப்பில் இருந்தாய். எல்லாரும் காட்டாமணக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த காலம். எனக்கு ஒரு வீம்பு: எங்கிருந்தோ வந்த செடி எதற்கு, நம் கரையில் புன்னை மரம் நிற்கவில்லையா? கல்லூரி ஆய்வகத்தில் புன்னைக்காய் எண்ணெயைச் சுத்தம் செய்து, சாராயமும் காரமும் சேர்த்து, கழுவி, வடித்து, டீசலுக்குப் பதிலாக ஓடும் எரிபொருள் ஒன்றை ஆக்கினேன். செக்கில் ஆட்டிய புது எண்ணெயில் செய்த முதல் இரண்டு லிட்டரில் ஆய்வகத்து எஞ்சின் மணிக்கணக்கில் முக்காமல் முனகாமல் ஓடியது. அத்தோடு நிறுத்தி, ஓராண்டு சோதித்துவிட்டுப் பேசியிருக்க வேண்டும். நம் ஊர்த் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. மீன்பிடிக்கிற குடும்பத்திலிருந்து போய் வேதியியல் படித்துப் பேராசிரியையானவள், ஊர் கூடியிருக்கும் நாளில் ஊர்ப் புன்னையின் எண்ணெயில் ஒரு வள்ளத்தைக் கடலுக்கு அனுப்ப வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அதற்கு இருபது லிட்டர் வேண்டும். செக்கில் ஆட்ட நேரமில்லை. உன் மாமா அந்தோணியின் வள்ளம்தான் போகப்போவது. அதனால் அவன் மனைவி ரோசம்மாளிடம், வீட்டில் புன்னைக்காய் எண்ணெய் இருக்கிறதா என்று கேட்டேன். “ரெண்டு கேனு கெடக்கு மைனி. எடுத்துக்கிடுங்க” என்றாள். எடுத்துக்கொண்டேன்.

மரவள்ளத்தின் அடிப்பலகையில் உப்புத் தண்ணீர் ஊறாமல் இருக்க என்ன செய்வார்கள் என்பது உனக்குத் தெரியாமல் இருக்கலாம். நீ வளர்ந்தபோது ஃபைபர் வள்ளங்கள் வந்துவிட்டன; மாமாவினுடையது மட்டும் மரவள்ளம். புன்னைக்காய் எண்ணெயில் குங்கிலியப் பிசினைப் போட்டுக் காய்ச்சி, பலகையில் பூசுவார்கள். ரோசம்மாளின் கேன்களில் இருந்தது அந்தக் காய்ச்சிய எண்ணெய். அவள்மேல் குற்றமில்லை. எண்ணெய் கேட்டேன், வீட்டில் இருந்ததைத் தந்தாள். அவளுக்கு அது புன்னைக்காய் எண்ணெய்தான். குற்றம் என் மூக்கின்மேல். மூடியைத் திறந்ததுமே மணம் எழுந்தது. வெளியூரிலிருந்து வந்த எந்த மாணவியும் ‘இதில் வேறென்ன கலந்திருக்கிறது, மிஸ்?’ என்று கேட்டிருப்பாள். நான் கேட்கவில்லை. நான் வளர்ந்ததே அந்த மணத்தில். என் அப்பாவின் கைகளிலும் வேட்டியிலும் அது ஒட்டியிருந்தது. அவர் தொட்டுத் தந்த பள்ளிக்கூடச் சிலேட்டிலும் இருந்தது. வேறு எதில் அந்த மணம் வந்திருந்தாலும் நான் திடுக்கிட்டிருப்பேன். புன்னைக்காய் எண்ணெய் என்றால் இப்படித்தான் மணக்கும் என்று ஐந்து வயதிலேயே முடிவு செய்துவிட்ட மூக்கு, நாற்பத்தேழு ஆண்டுகள் கழித்துக் கேள்வி கேட்குமா? பட்டமும் ஆய்வகமும் அந்த மூக்குக்குப் பின்னால்தான் வரிசையில் நின்றன.

திருவிழாவுக்கு முந்தின நாள் வள்ளத்தைத் தள்ளினார்கள். எஞ்சினுக்கு மாலை போட்டிருந்தார்கள். நீயும் மணலில் நின்று கை தட்டினாய். மாமாவோடு இரண்டு பேர். அவன் வழக்கம்போலச் சுருட்டிய பாய்மரப் பாயை வள்ளத்தில் ஏற்றப் போனான். எஞ்சின் வந்த பின்னும் அவன் பாயை விடவில்லை. அவன் தலைமுறையில் பலரும் விட்டுவிட்டார்கள். “லேய் அந்தோணி, இந்தக் கெழட்டுப் பாய என்னத்துக்கு செமக்க? எனக்க எண்ணெயில நம்பிக்க இல்லியா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். சிரித்தார்கள். “அக்கா கேட்டுட்டா, அப்பறம் என்ன” என்று பாயை மணலில் போட்டுவிட்டு ஏறிப்போனான். அந்தப் பாய் மூன்று நாள் அங்கேயே கிடந்தது. யாரும் அதை எடுத்து வைக்கத் துணியவில்லை.

எஞ்சின் போகும்போது நன்றாகத்தான் ஓடியிருக்கிறது. திரும்பும்போது மூச்சுத் திணறி நின்றுவிட்டது. கரைக்காற்றும் நீரோட்டமும் அவர்களை மேற்கே கொண்டுபோயின. மூன்றாம் நாள் மலையாளத்துப் படகுக்காரர்கள் பார்த்துக் கட்டி இழுத்துப் போனார்கள். மூன்று பேரும் உயிரோடு வந்தார்கள். அதனால்தான் இந்தக் கடிதத்தை எழுத எனக்குக் கை வருகிறது. ஆனால் உன் மாமா அதன் பின் கடலுக்குப் போகவில்லை. வள்ளத்தை விற்றான், ஐஸ் ஃபேக்டரியில் கட்டி உடைக்கப் போனான், சாகும்வரை உடைத்தான். ஏன் கடலுக்குப் போவதில்லை என்று நீ ஒரு தடவை கேட்டபோது, “தண்ணியப் பாத்தா தல சுத்துது மக்கா” என்று சொன்னதை நான் சமையலறையிலிருந்து கேட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு நின்றேன். வெளியே வரவில்லை.

மாமாவைக் கொண்டுவந்த மறுநாள் கல்லூரிக்குப் போனேன். நான் ஆக்கிய எரிபொருளில் கேனின் அடியில் மிஞ்சியிருந்ததைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றிச் சூடாக்கினேன். எரிபொருள் போன பின் அடியில் பழுப்பாக ஒரு தகடு படிந்தது. நகத்தால் தட்டினால் கண்ணாடியைப் போல நொறுங்கியது. புகை கிளம்பியபோது அறை முழுவதும் கோயில் தூபம் போட்டது போல மணத்தது. பிசின் எஞ்சினின் வடிகட்டியை அடைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஐந்து நிமிடத்துச் சோதனை. அதை முன்னாலேயே செய்ய எனக்கு நேரம் இல்லாமல் போயிற்று. மாலை வாங்க நேரம் இருந்தது. கிண்ணத்தைக் கழுவி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கமிட்டி கூடியது. எஞ்சினை அதற்கு இரண்டு வாரம் முன்பு கழற்றிப் பூட்டியவர் மெக்கானிக் சூசை. அவர் வடிகட்டியைச் சரியாகத் துடைக்கவில்லை, அதனால்தான் எஞ்சின் நின்றது என்று ஊர் முடிவு கட்டியது. இனி நம் கடற்கரையில் எந்த எஞ்சினிலும் சூசையின் கை படக்கூடாது என்று மைக்கில் சொல்லிவிட்டார்கள். நான் பெண்கள் பக்கம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அதற்கு நான் எனக்கே சொல்லிக்கொண்ட காரணம் மிக அழகானது, கேள். இந்தக் கரையிலிருந்து படிக்கப் போன பெண் நான். என் சொல் பொய்த்தது என்று தெரிந்தால், அடுத்த வீட்டுப் பெண்ணைப் படிக்க அனுப்பமாட்டார்கள். எவ்வளவு உயர்ந்த எண்ணம், பார். அந்த எண்ணத்தைப் போர்த்திக்கொண்டு இருபது ஆண்டுகள் நன்றாகத் தூங்கினேன். சூசை ஊரைவிட்டுப் போய் இரணியல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தையல் மெஷினும் மிக்சியும் பழுது பார்க்கும் கடை வைத்தார். பஸ் அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் எனக்குக் கைப்பையில் ஏதாவது தேடவேண்டியிருந்தது.

இந்த நிலையில்தான் நீ, மைக்கில் ஒரு வார்த்தை கேட்டாய். சென்ற செவ்வாய்க்கிழமை இரணியலுக்குப் போனேன். சூசைக்கு எழுபத்தைந்து இருக்கும். கடை வாசலில் ஒரு தையல் மெஷினைக் கவிழ்த்து வைத்து, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழவில்லை.

“யாரு, டீச்சரா? மெஷினு எதும் கேடா போச்சா?”

“இல்ல. பேச வந்தேன்.”

“பேசதுக்கு எந்த ரயிலப் பிடிச்சிய? இருவது வருசம் லேட்டா வந்து நிக்கு.”

உட்காரச் சொல்லவில்லை, நானே ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். குங்கிலியத்தைச் சொன்னேன், கிண்ணத்தைச் சொன்னேன். அவர் திருப்புளியைக் கீழே வைக்காமலே கேட்டார். நான் முடித்ததும், “இத எனக்கு ஏன் சொல்லுகிய? எனக்கு அறியலாமே” என்றார். “படகுக்காரன் எஞ்சின கொண்டு போட்ட அன்னைக்கே ஃபில்டர தொறந்தேன். கோயிலுல பொக போட்டது மாதிரி ஒரு மணம். வள்ளத்துக்குப் பூசப்பட்ட எண்ணெ எஞ்சினுக்குள்ள கேறிச்சுன்னு எனக்கு ஒருத்தன் சொல்லித் தரணுமா?”

“அப்போ ஏன் கமிட்டியில சொல்லல்ல?” என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

“சொன்னேனே! எண்ணெயிலதான் கோளாறு, டீச்சருகிட்ட கேளுங்கன்னு சொன்னேன். எல்லாரும் ஒங்க மொகத்தப் பாத்தாவ. நீங்க மூக்குக்கண்ணாடிய கழத்தி சேலையில தொடச்சிட்டு இருந்திய. தொடச்சு முடியதுக்குள்ள எனக்க கத முடிஞ்சிது.”

மகனே, இதை நான் மறந்துவிட்டிருந்தேன். மறைத்தேன் என்றால் அதில் ஒரு நேர்மையாவது இருந்திருக்கும், உண்மையாகவே மறந்துவிட்டேன். மேலே கமிட்டியைப் பற்றி எழுதிய பகுதியை மறுபடி படித்துப் பார். சூசை பேசினார் என்று அதில் ஒரு சொல்கூட இல்லை. அந்தப் பகுதியை நான் எழுதியது செவ்வாய்க்கு முந்தின நாள். திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறேன். ஒப்புக்கொள்ள உட்கார்ந்தவளின் பேனாவே எதை விழுங்கியது என்று நீ பார்க்கவேண்டும். என்னை நம்பி ஊர் உன்னிடம் என் வார்த்தையைக் கேட்கிறதல்லவா, அந்த நம்பிக்கையின் தரம் இதுதான்.

மன்னிப்புக் கேட்டேன். “எனக்கிட்ட கேட்டா காணாது” என்றார். “எனக்க பேரு கெட்டது மைக்குல. அதே மைக்குல சொல்லணும். இஞ்ச வந்து காதுல சொல்லிட்டுப் போனா, அது தையல் மெஷினுக்கு எண்ணெ விட்டது மாதிரி, எனக்கும் ஒங்களுக்கும் உள்ள காரியம்.” பிறகு கொஞ்ச நேரம் மெஷினின் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். “ஒங்களுக்க பையன் ஏதோ கரண்டுல ஓடப்பட்ட மோட்டரு கொண்டு வாறானாமே. கொள்ளாமா? நல்லதுதானா?” என்று கேட்டார்.

“தெரியல்ல” என்றேன்.

“ஆங். அந்த வார்த்தைய அன்னைக்கு சொல்லியிருந்தா, பாய் வள்ளத்துல கெடந்திருக்கும்.”

அந்த வாக்கியத்துக்கு மேல் எனக்கு அறிவுரை சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் தாய்க்குரிய உரிமையில் ஒன்றிரண்டு சொல்லிவிடுகிறேன். எண்ணெயை விட்டு வெளியே வரவேண்டும் என்று நீ சொல்வது சரி. ஆனால் எண்ணெயைக் கும்பிட்டது போலவே மின்கலத்தையும் கும்பிடப் போகிறாய் என்றால், நீ மாற்றியது பீடத்தில் இருக்கும் சுரூபத்தை மட்டும்தான். இதுவொன்றே போதும் என்று யார் எதை விற்றாலும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள். நானும் அப்படித்தான் விற்றேன். காசு வாங்காமல் விற்றதால் விற்பனை என்று யாருக்கும் தோன்றவில்லை. வள்ளத்தில் உன் மோட்டார் இருக்கட்டும். பழைய எஞ்சினும் ஒரு கேன் டீசலும் இருக்கட்டும். பாயும் துடுப்பும் இருக்கட்டும். இடம் காணாது, பாரம் கூடும் என்பாய். கூடட்டும். அத்தனை பாரத்தையும் வலையையும் ஏற்றிய பின் உன் மோட்டார் எவ்வளவு தூரம் இழுக்கிறதோ, அதைத் தாளில் அச்சடி.

இன்னொன்று. எனக்குக் குங்கிலியம் வீட்டு மணமாக இருந்தது போல, உனக்கும் ஒன்று இருக்கும். அது என்ன என்று யோசித்தேன். நீ ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்த இடத்தில், ஒரு இயந்திரம் நின்றுவிட்டால் அழைக்க ஓர் எண் உண்டு. அழைத்தால் ஆள் வருவான். கடலுக்குள்ளே என்றால் ஹெலிகாப்டர் வரும். பழுதானால் ஆள் வரும் என்ற நினைப்பு உன் உடம்பில் ஊறிவிட்டது. நீ அதைச் சந்தேகப்படுவதே இல்லை. அந்தோணி மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்தான், யாராவது வருவார்களா என்று. என்னைப் பொறுத்தவரை இன்றைக்கு அந்த மணம் நீதான். வேறு எவன் இந்தத் தாளோடு வந்திருந்தாலும் வாசலோடு அனுப்பியிருப்பேன். நீ வந்ததால் மூன்று முறை படித்தேன். ஆகையால் உன்னை மற்றவனைவிடக் கூடுதலாகச் சந்தேகப்படுவது என்று தீர்மானித்திருக்கிறேன். இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. தாமதமாகவாவது ஒருத்தி தன் தொழிலைக் கற்றுக்கொள்கிறாள்.

ஒரு வேலை செய். கொச்சியிலிருந்து வரும் முதல் மோட்டாரைக் கடற்கரைக்குக் கொண்டு வராதே. இரணியலுக்குக் கொண்டு போ. சூசையின் முன்னால் வைத்துத் திறந்து காட்டு. அவருக்கு மின்மோட்டார் தெரியாது. உப்புத் தண்ணீர் எந்த இடுக்கில் ஏறும் என்று தெரியும். நான் கிளம்பும்போது அதைக் கேட்டுவிட்டேன். “கொண்டு வரச் சொல்லுங்க” என்றார். “கண்ணு போச்சு, காதும் போச்சு. மூக்கு இப்பவும் வேல செய்யி.” அவர் சரி என்றால் ஒரு வள்ளத்தில் மட்டும் பூட்டு. முதலில் நீயே ஏறு. பாய் கட்டத் தெரியாதென்றால் கற்றுக்கொண்டு ஏறு. நம் ஊரில் இன்னும் நான்கு பேருக்குத் தெரியும்.

வரும் ஞாயிறு, நீ கேட்டபடியே, பூசை முடிந்ததும் மைக்கின் முன்னால் நிற்பேன். சாமியாரிடம் கேட்டுவிட்டேன், எவ்வளவு நேரம் வேண்டும் என்றார், கடிதத்தின் நீளம் என்றேன். இந்தக் கடிதத்தைத்தான் வாசிக்கப் போகிறேன், ஒரு வரியும் விடாமல். மோட்டார் நல்லதா என்று யாராவது கேட்டால், தெரியாது என்று சொல்வேன். உன் பன்னிரண்டு பேரும் எழுந்து போய்விடலாம். நீ போட்ட பணமும் ஒன்பது ஆண்டுகளும் அவர்களோடு போய்விடலாம் என்பது எனக்குத் தெரியும்; தெரிந்துதான் செய்கிறேன். உனக்கு என்மேல் கோபம் வந்தால் அது நியாயமான கோபம், வைத்துக்கொள். வெள்ளிக்கிழமையே இது உன் கைக்கு வரும்படி அனுப்புகிறேன், ஊர் கேட்பதற்கு இரண்டு நாள் முன்னால் நீ அறியவேண்டும் என்பதற்காக. அந்தோணிக்குச் சாகும்வரை அந்த இரண்டு நாளை நான் தரவில்லை.

நீ வருவதானால் வா. சூசையையும் காரில் அழைத்து வா. பஸ்ஸில் வரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். அவரை முன்வரிசையில் உட்கார வை. என் மூக்குக்கண்ணாடியைக் கண்ணாடி மாற்றக் கடையில் கொடுத்திருந்தேன். நேற்றுத்தான் வாங்கி வந்தேன். புதுக் கண்ணாடி, நன்றாகத் தெரிகிறது. அன்றைக்கு அதைத் துடைக்கத் தேவையிருக்காது.

அம்மா